ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு படக்கணக்கு

1,819. வாஷிங்டனிலுள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கும் ஒரு தொகுப்பின் எண்ணிக்கை இது. உதுமானியச் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது அன்பளிப்பாக அனுப்பிய ஒளிப்படங்கள், 51 பெரிய ஆல்பங்களில். ஆல்பத்துக்குச் சராசரியாக 35, 36 படம். ஏறத்தாழ 1880க்கும் 1893க்கும் இடையே எடுத்தவை. அன்று ஓர் அரசு இன்னோர் அரசுக்குக் கொடுத்த பரிசு. இன்று பினாங்கின் ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் மாணவி, பைசா செலவில்லாமல் அத்தனையையும் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளலாம்.

இஸ்லாமியக் கலையும் கட்டடக்கலையும் படிக்கப் படம் எங்கே கிடைக்கும் என்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். வரவு, செலவு, பாக்கி என்று மூன்றையும் எழுதிப் பார்த்தால் பதில் தெளிவாகிறது. வரவு ஏராளம். செலவு நாம் நினைக்கும் இடத்தில் இல்லை. பாக்கி முழுக்க நம் பக்கத்தில், அதாவது நாகூர், கீழக்கரை, காயல்பட்டினம், பினாங்குச் சூலியா தெரு என்ற அந்த நீண்ட கடல் வழியில் நிற்கிறது.

முதலில் வரவு. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் சுமார் 3,75,000 படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் பொதுவில் வைத்தது. அதன் இஸ்லாமியக் கலைப் பிரிவில் மட்டும் ஏறக்குறைய 15,000 பொருள்கள் உண்டு. அதற்கு முன்பே, 2015 ஜனவரி 1 அன்று, வாஷிங்டனின் ஃப்ரீயர், சாக்லர் கலைக்கூடங்கள் 40,000க்கும் மேற்பட்ட ஆசியக் கலைப்பொருள்களின் படங்களைத் திறந்துவிட்டன. பாரசீக நுண்ணோவியங்களுக்கு அது பெரிய சுரங்கம். பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 2020இல் தன் இணையத் தொகுப்பைப் புதுப்பித்தபோது அதில் 19 லட்சம் படங்கள் இருந்தன. அங்கே 2018இல் திறந்த இஸ்லாமிய உலகக் காட்சிக்கூடத்துக்கு அல்புகாரி அறக்கட்டளையின் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த அறக்கட்டளை மலேசியாவைச் சேர்ந்தது. கோலாலம்பூரில் 1998இல் திறந்த மலேசிய இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்துக்குப் பின்னால் இருப்பதும் அதுதான்.

இவை பொருள்களின் படங்கள்: கிண்ணம், விளக்கு, கம்பளம், குர்ஆன் ஏடு. கட்டடம் வேண்டுமென்றால் போகவேண்டிய இடம் வேறு. ஆர்க்நெட் என்ற தொகுப்பு 2002இல் தொடங்கியது. ஆகா கான் கலாசார அறக்கட்டளையும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கியது. அதில் படத்தோடு தரைப்படமும் குறுக்குவெட்டுப் படமும் பல கட்டடங்களுக்குக் கிடைக்கும். தரைப்படம் இல்லாமல் பள்ளிவாசலைப் படிக்க முடியாது என்பதால், மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். இராக், சிரியா, துருக்கிப் பக்கம் 1900 முதல் 1918 வரை பிரிட்டிஷ் பயணி கெர்ட்ரூட் பெல் எடுத்த 7,000க்கும் மேற்பட்ட படங்கள் இங்கிலாந்தின் நியூகாசல் பல்கலைக்கழகத்தில் உள்ளன. எகிப்துக்குக் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் கிரெஸ்வெல் (1879–1974) எடுத்தவை ஆக்ஸ்ஃபோர்டின் அஷ்மோலியனில் உள்ளன. அந்தக் கட்டடங்களில் சில இன்று இடிந்துவிட்டன, சில அடையாளம் தெரியாமல் திருத்தப்பட்டுவிட்டன. படம் மட்டும் பிழைத்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக விக்கிமீடியா காமன்ஸ். 2004இல் தொடங்கி 2023 ஜனவரியில் 10 கோடிக் கோப்புகளைத் தாண்டியது. ஆனால் அந்த 10 கோடியில் ஒரு பள்ளிவாசலைத் தேடுகிறவருக்கு வரும் முடிவுகளில் பெரும்பங்கு ஒரே கோணத்துப் படங்கள். வாசலுக்கு எதிரே நின்று எடுத்த முகப்பு. தொழும் திசையைக் காட்டும் மிஹ்ராபு இருக்காது, தூணின் அடித்தளம் இருக்காது, உத்திரமும் தூணும் சேரும் இடம் இருக்காது. படிக்கிறவருக்கு வேண்டியவை அவைதான்.

இனிச் செலவு. ஒரு தலைமுறைக்கு முன்பு கலை வரலாற்று ஆசிரியரிடம் இருந்தது சிலைடுப் பெட்டி. 24 மி.மீ.க்கு 36 மி.மீ. அளவில் ஒரு பிலிம் துண்டு, அட்டைச் சட்டத்துக்குள். கோடாக் வட்டத் தட்டில் 80 சிலைடு அடங்கும், அதுதான் ஒரு பாடவேளை. கோடாக் அந்தப் படவீழ்த்திகளின் தயாரிப்பை 2004இல் நிறுத்தியது. பழைய ஆசிரியர்களின் வீட்டுப் பீரோக்களில் அந்தத் தட்டுகள் இன்னும் கிடக்கும். அவற்றை வருடி எடுப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. அங்குலத்துக்கு 4,000 புள்ளி என்று வருடினால் ஒரு சிலைடு 5,669க்கு 3,780 பிக்சல், அதாவது சுமார் 2.14 கோடிப் பிக்சல். ஒரு பிக்சலுக்கு 3 பைட் என்றால் 64 மெகாபைட். ஒரு தட்டுக்கு 5.1 கிகாபைட். முழு மேசை நிறைய இருந்த வாழ்நாள் உழைப்பு, இன்று விரல்நுனி அளவு அட்டையில் அடங்கிவிடுகிறது. வருடும் வேலை மலிவுதான். சட்டத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய இரண்டு சொல்லைப் படித்து, எந்த ஊர், எந்த வருடம் என்று கண்டுபிடிப்பதுதான் நேரத்தைத் தின்னும். எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு வைக்காவிட்டால் அந்தச் செலவை எவராலும் ஈடுகட்ட முடியாது.

எவ்வளவு பெரிய படம் வேண்டும்? ஏ4 தாளில் தெளிவாக அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற வழக்கப்படி, 2,480க்கு 3,508 பிக்சல் வேண்டும். பெருக்கினால் 87 லட்சம். இன்றைய சாதாரணக் கைப்பேசி 1.2 கோடிப் பிக்சல் தருகிறது. ஆகவே அச்சுக்குப் போதும். ஆராய்ச்சிக்குப் போதுமா என்பதை ஒரு கம்பளத்தை வைத்துப் பார்க்கலாம். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் அர்தபீல் கம்பளத்தில் நெய்த ஆண்டு ஹிஜ்ரி 946 என்றே பொறித்திருக்கிறது, அதாவது 1539–40. அருங்காட்சியகம் 1893இல் அதை 2,000 பவுனுக்கு வாங்கியது. நீளம் சுமார் 10.5 மீட்டர், அகலம் 5.3 மீட்டர். ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 340 முடிச்சு. பெருக்கிப் பார்த்தால் மொத்தம் 2.9 கோடி முடிச்சுக்குப் பக்கம் வரும். ஏ4 தாளுக்குப் போதுமான படத்தில் ஒரு பிக்சலுக்குள் மூன்று முடிச்சுக்கு மேல் அமுங்கிவிடுகிறது. முழுக் கம்பளத்தின் வடிவமைப்பைப் படிக்க அந்தப் படம் போதும். நெசவைப் படிக்க, ஓர் அடிக்கு ஓர் அடி இடத்தை மட்டும் எடுத்த தனிப்படம் வேண்டும். சுதை வேலையும் மரச் செதுக்கலும் இப்படித்தான். மொத்தத்துக்கு ஒன்று, நுணுக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு படம் இல்லாத தொகுப்பு அரைத் தொகுப்பு.

உரிமம் என்ற செலவையும் சொல்லவேண்டும். மெட்ரோபாலிட்டன் பொதுவில் வைத்த படத்தை விற்பனைப் புத்தகத்தில்கூடப் போடலாம், யாரையும் கேட்கவேண்டாம். பிரிட்டிஷ் அருங்காட்சியகப் படம் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம், பெயர் சொல்லவும் வேண்டும். பள்ளி ஏட்டுக்குச் சரி. விலைபோட்டு விற்கும் நூலுக்கு அனுமதி கேட்கவேண்டும். இறக்கும்போதே கோப்புப் பெயரின் கடைசியில் உரிமத்தைச் சேர்த்து எழுதிவிட்டால், இரண்டு வருடம் கழித்துத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. கட்டடத்தைப் பொறுத்தவரை மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் தாராளமானது. பொதுமக்கள் பார்க்கக்கூடிய இடத்தில் நிலையாக நிற்கும் கலைப்படைப்பைப் படியெடுக்கவும் பரப்பவும் அது இடம்கொடுக்கிறது. உள்ளே போய் எடுக்க நிர்வாகத்தாரிடம் அனுமதி வாங்குவது தனி. அது மரியாதை.

இப்போது பாக்கிக்கு வருகிறேன். என் மனம் கனப்பது இந்த இடத்தில்தான்.

அப்துல் ஹமீதின் 1,819 படங்களும் ஓர் அரசு தன்னை எப்படிக் காட்ட விரும்பியதோ அப்படி எடுத்தவை. பள்ளிக்கூடங்கள், மருத்துவமனைகள், படைகள், நினைவுச்சின்னங்கள். கெர்ட்ரூட் பெல் பாலைவனப் பாதையில் போனார், கிரெஸ்வெல் கெய்ரோவில் வாழ்ந்தார். படம் எடுத்தவர் போன வழிதான் பாடத்திட்டத்தின் வழி ஆகிவிட்டது. கெய்ரோ, இஸ்பகான், இஸ்தான்புல், ஆக்ரா என்று மாணவர் ஒப்பிக்கிறார். குவிமாடமும் உயர்ந்த மனாராவும் இல்லாத பள்ளிவாசலைக் கண்டால் அது இஸ்லாமியக் கட்டடக்கலையில் சேருமா என்று கேட்கிறார்.

கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழைய பள்ளிவாசல்கள் தட்டையான கல்கூரை போட்டவை. கல்தூண், போதிகை, உத்திரம் என்று கட்டியவர்கள் தமிழ்நாட்டுக் கல்தச்சர்கள். மண்டபம் கட்டும் அதே கை உருவங்களை விட்டுவிட்டுக் கொடியும் பூவும் வடிவக்கணித அலங்காரமும் செதுக்கியது. இவற்றை அளந்து வரைந்து ஆங்கிலத்தில் பெரிய நூலாக வெளியிட்டவர் மெஹர்தாத் ஷொகூஹி; தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை பற்றிய அந்த நூல் 2003இல் வந்தது. தமிழ்நாட்டு அருங்காட்சியகத் துறையில் பணியாற்றிய ஜெ. ராஜா முகமது எழுதிய தமிழ்நாட்டு இஸ்லாமியக் கட்டடக்கலை நூல் 2004இல் வந்தது. இரண்டுமே கடும் உழைப்பு. ஆனாலும் ஒரு மாணவர் இலவசமாக இறக்கி, பெரிதாக்கி, ஒரு தூணின் போதிகையைப் பார்க்கும்படி குறிப்போடு வைத்த படத்தொகுப்பு அந்த ஊர்களுக்கு எவ்வளவு இருக்கிறது என்று தேடிப் பார்த்தால், கெய்ரோவின் ஒரே பள்ளிவாசலுக்குக் கிடைப்பதை எட்டாது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1956 முதல் எடுத்துச் சேர்த்த தென்னிந்தியப் படங்கள் லட்சத்தைத் தாண்டும். அங்கும் கோயில்தான் பெரும்பங்கு. கோயிலுக்கு நடந்த அந்த மாபெரும் வேலை பள்ளிவாசலுக்கும் தர்காவுக்கும் நடக்கவில்லை.

கடல் தாண்டி நம் பக்கம் வந்தால், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801இல் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த 18 ஏக்கர் நிலம், காதர் முகைதீன் என்ற கப்பித்தானின் முன்னெடுப்பு. இன்று நாம் பார்க்கும் கட்டடம் 1801இன் கட்டடம் இல்லை. 1910களில் நியூப்ரானர் என்ற கட்டடக் கலைஞர் அதை விரிவாக்கினார். 1930களில் நடுக்கூடத்தின் உயரம் கூட்டப்பட்டது. ஆகவே "கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், 1801" என்று எழுதி ஒட்டிய இன்றைய படம், நூறு வருடத்துக்கும் மேல் பிசகிய காலத்தைக் கற்றுக்கொடுக்கிறது. இந்தப் பகுதியின் வரலாற்றை விரிவாக எழுதியவர் கூ சல்மா நசுத்தியோன். பினாங்குச் சூலியாக்களை, அதாவது தமிழ் முஸ்லிம்களைப் பற்றி 2014இல் வெளிவந்த அவருடைய நூலில் பழைய படங்கள், வரைபடங்கள், உயில்கள் எல்லாம் பக்கத்துக்குப் பக்கம் உண்டு. மாணவர் ஒரே ஒரு நூலைத்தான் இரவல் வாங்க முடியும் என்றால் இதை வாங்கச் சொல்வேன்.

படத்துக்குத் தேதி இல்லாவிட்டாலும் கட்டடமே தேதி சொல்லும். இதற்குப் பினாங்கோடு தொடர்புடைய அருமையான சான்று இருக்கிறது. ராபர்ட் ஸ்மித் (1787–1873) வங்காளப் பொறியாளர் படையில் இருந்தவர். 1810களில் இங்கே பணியாற்றி, தீவை எண்ணெய் ஓவியமாகத் தீட்டினார். அவற்றைப் பார்த்து வில்லியம் டேனியல் செதுக்கிய 10 காட்சிகள் 1821இல் வெளியாயின. எண்ணெய் ஓவியங்களில் 8 பினாங்கு அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. அதே ஸ்மித் பிறகு டில்லிக்குப் போனார். 1803 நிலநடுக்கத்தில் உச்சி இழந்த குதுப் மினாரைப் பழுதுபார்த்து, 1828இல் அதன் தலையில் தன் கற்பனைப்படி ஒரு சிறு மண்டபத்தை வைத்தார். 1848இல் அதை இறக்கிவிட்டார்கள். இன்றும் அது மினாருக்குப் பக்கத்துப் புல்வெளியில் இருக்கிறது. ஆகவே உச்சியில் அந்த மண்டபத்தோடு குதுப் மினாரைக் காட்டும் ஓவியம் எதுவானாலும், அது காட்டும் நிலை 1828க்கும் 1848க்கும் இடைப்பட்ட 20 வருடத்துக்குரியது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் பழைய அஞ்சலட்டை கையில் கிடைத்தால் இதே சோதனையைச் செய்யலாம். கூடம் உயர்வதற்கு முன்பா பின்பா? 1910களின் விரிவாக்கத்துக்கு முன்பா? இரண்டு கேள்வியில் படத்தின் காலம் பெரிதும் குறுகிவிடும். அப்படிப்பட்ட பழைய படங்களைச் சிங்கப்பூரின் லம்பெர்ட் நிறுவனமும் கிளைன்குரோத், கவுல்ஃபுஸ் போன்றவர்களும் எடுத்திருக்கிறார்கள். லெய்டன் பல்கலைக்கழகத்தின் இணையத் தொகுப்பில் தேடுவது பலன் தரும்.

ஜெலுத்தோங் மாணவர்கள் கவனிக்கவேண்டிய இன்னோர் எண் 109.38. ஜார்ஜ் டவுன் 2008இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியபோது குறித்த மையப் பகுதியின் பரப்பு, ஹெக்டேரில். சுற்றியுள்ள காப்புப் பகுதி 150.04. மொத்தம் 259.42. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சூலியா தெரு நாகூர் தர்கா, 1808இல் எழுந்த லெபோ ஆச்சே பள்ளிவாசல் எல்லாம் இதற்குள் வருகின்றன. சுற்றுலாப் பயணிகளும் படக்கருவிகளும் அங்கேதான் குவிகிறார்கள். ஜெலுத்தோங் அந்தக் கோட்டுக்கு வெளியே. இங்குள்ள பள்ளிவாசல்களையும் சூராவ்களையும், பக்கத்தில் 1980இல் முடிந்த மாநிலப் பள்ளிவாசலின் வளைந்து எழும் கான்கிரீட் விலாக்களையும், அளவோடும் குறிப்போடும் எடுத்து வைப்பவர்கள் குறைவு. பட்டியலில் இல்லாத கட்டடத்தைத்தான் ஒரே வாரத்தில் ஓடு மாற்றி, சாயம் பூசி, பழைய சன்னலைக் கழற்றிவிடுவார்கள். அதைத்தான் முதலில் எடுக்கவேண்டும்.

எடுப்பதற்கு ஆகும் செலவு: பேருந்துக்கு 7 கி.மீ. வரை 1.40 வெள்ளி. ஜெலுத்தோங்கிலிருந்து சூலியா தெரு அந்தத் தூரத்துக்குள் அடங்கும். மற்றதெல்லாம் நேரமும் கணக்கும்.

திசையிலிருந்து தொடங்கலாம். பினாங்கிலிருந்து கிப்லா வடக்கிலிருந்து வலமாக 291.6 பாகை. நாகூரிலிருந்து 290.6. கடலின் இரு கரைக்கும் ஒரு பாகைதான் வித்தியாசம். அங்கிருந்து வந்தவர் இங்கே தொழும் திசையை மாற்றிக்கொள்ள வேண்டியே இருக்கவில்லை. கெய்ரோவில் அது 136, தென்கிழக்கு. ஆகவே கெய்ரோவுக்கு எழுதிய படமெடுக்கும் வழிகாட்டி இங்கே உதவாது. நம் பள்ளிவாசல்களில் மிஹ்ராபுக்கு எதிரான வாசல் பக்கம் 111.6 பாகையை, அதாவது கிழக்கும் சற்றே தெற்கும் பார்க்கிறது. காலை வெயில் அங்கே விழும். பினாங்கின் தீர்க்கரேகைக்குச் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பகல் 1.19க்கு. ஆகவே 8 முதல் 11 மணி வரை முகப்புக்கு நல்ல வெளிச்சம். தொழுகை நேரத்துக்கும் இடைஞ்சல் இல்லை. பழைய கட்டடங்கள் பல இந்தக் கோணத்தில் துல்லியமாக நிற்பதில்லை. கைப்பேசித் திசைகாட்டியால் அளந்து, எத்தனை பாகை விலகியிருக்கிறது என்று எழுதி வைத்தால் அதுவே ஆய்வுக்கான தகவல்.

அடுத்தது தூரம். நாகூர் தர்காவின் பெரிய மினாரா 131 அடி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக்கொடுத்தது. கைப்பேசியைச் செங்குத்தாக, சாய்க்காமல் பிடித்தால் அதன் வழக்கமான வில்லை மேல்நோக்கி ஏறத்தாழ 35 பாகை பார்க்கும். கண்மட்டம் 1.5 மீட்டர் என்று வைத்தால், 40 மீட்டர் உயரம் சட்டத்துக்குள் வர 55 மீட்டராவது பின்னால் போகவேண்டும். அண்ணாந்து சாய்த்து எடுத்தால் கிட்ட நின்றே முழுதும் வந்துவிடும், ஆனால் சுவர்கள் மேலே கூம்பி, அளவெடுக்க உதவாமல் போகும். சூலியா தெருவில் அவ்வளவு பின்வாங்க இடம் இருக்காது. நல்லவேளை, இங்குள்ள நாகூர் தர்கா சிறியது. கல்லறை இல்லாத நினைவிடம் அது. பதினைந்து மீட்டரில் 11, 12 மீட்டர் உயரம் வரை அடங்கிவிடும்.

ஒரு தூணுக்கு 15 பாகைக்கு ஒரு படம் என்று சுற்றிவந்தால் 24. அடி, நடு, போதிகை என்று மூன்று மட்டத்தில் 72. ஒவ்வொன்றிலும் அளவுகோல் ஒன்று தெரியும்படி வைக்கவேண்டும். பள்ளிக்கூட அடிக்குச்சி போதும். இந்த 72 படங்களை வைத்து இலவச மென்பொருளிலேயே தூணின் முப்பரிமாண உருவை எழுப்பலாம். கீழக்கரைத் தூண் ஒன்றையும் இதேபோல் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்தால், எந்தக் கை எங்கிருந்து வந்தது என்ற வாதத்துக்கு உருப்படியான ஆதாரம் கிடைக்கும்.

ஒவ்வொரு படத்துக்கும் கட்டடம், தெரு, எந்தப் பாகம், எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது, தேதி, மணி, எடுத்தவர் பெயர் ஆகியவற்றைத் தமிழிலும் மலாயிலும் எழுதவேண்டும். தமிழ் வாசகர் "மனாரா" என்றும், ஒளு செய்யும் குளத்தை "ஹவுள்" என்றும் தேடுவார், மலாய் மாணவர் "மெனாரா" என்றும் "கோலா" என்றும் தேடுவார். இருவருக்கும் அதே படம் கிடைக்கவேண்டும். படத்துக்கு இரண்டு நிமிடம் என்றால் 72 படத்துக்கு 144 நிமிடம். எடுக்கும் நேரத்தைவிட எழுதும் நேரம் கூடுதல். இந்தச் செலவை மிச்சம் பிடிக்கக் கூடாது.

படம் ஒன்றுக்கு 4 மெகாபைட் என்றால் 72 படமும் 288 மெகாபைட். கடையில் கிடைக்கும் மிகச் சிறிய பென்டிரைவிலும் இடம் மிஞ்சும். ஒரு பிரதி காமன்ஸில் ஏறட்டும், ஒன்று வீட்டில் இருக்கட்டும். மூன்றாவதைக் குறிப்புத் தாளோடு சேர்த்துப் பள்ளிவாசல் நிர்வாகத்தாரிடம் கொடுக்கவேண்டும். அடுத்த முறை கூரை பிரிக்கும்போது, பழைய உத்திரம் எப்படி இருந்தது என்று முதலில் தேடப்போகிறவர்கள் அவர்கள்தான்.